முன்னால் போய் நின்ற ஸ்பாட்டர்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டர் வேலை என்றால் உயரத்தில் நின்று கார் ரேஸ் பார்ப்பது, அதற்குச் சாப்பாடும் போடுவார்கள் என்று நம்பித்தான் சேர்ந்தேன்.

உண்மையில் ஸ்பாட்டர் என்பவன் டிரைவருக்கு முதுகில் இருக்கும் கண். நாலு மணி நேரம் ஓடும் எண்டியூரன்ஸ் ரேஸில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டியவரால் திரும்பிப் பார்க்க முடியாது. பக்கத்தில் கார் இருக்கிறதா, ஒதுங்கலாமா என்று ரேடியோவில் நாம்தான் சொல்ல வேண்டும்.

1. தண்ணீர்

எங்கள் முதல் ரேஸ் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தனியார் டிராக்கில். கார் பேகம்பூர் பிரியாணிக்கடை காதர் பாயுடையது. "ரேஸ முழுசா முடிச்சா டீம் இருக்கும். இல்லேன்னா நாளையிலருந்து இந்தக் கார்ல பிரியாணி அண்டாதான் போகும்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். டிரைவர் செல்வம் அண்ணன், பாயிடம் மெக்கானிக். அந்த எஞ்சினைத் தன் கையாலேயே கட்டியவர். அண்டா என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது.

முதல் பிட் ஸ்டாப். டயர் மாற்றி, பெட்ரோல் போட்டு, கார் நகர்ந்தது. நான் பிட்டுக்குப் பின்னால் இருந்த மேடையில் நின்றேன். இன்னொரு கார் வேகமாக வரவே, "அண்ணே, செத்த பொறுங்க" என்றேன்.

அது போன பிறகும் அண்ணன் நகரவில்லை. எஞ்சினை ஆஃப் செய்தார். ஜன்னல் வழியாகக் கை நீண்டது. தண்ணீர் வாங்கி, ஹெல்மெட்டைத் தூக்கி, நிதானமாகக் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். இரண்டாவது பிட் ஸ்டாப்பிலும் இதே கதை. வழியை அடைத்ததற்காக அதிகாரி வந்து, "இன்னொரு தடவ நின்னா ரேஸ விட்டு வெளிய" என்றார்.

காதர் பாய் மேடையேறி என் ரேடியோவை வாங்கினார். "ஏம்ப்பா செல்வம், என்னப்பா இது?"

"கெளம்புறவன பின்னாடியிருந்து கூப்புட்டா அப்படியே போகலாமா பாய்? தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும். அவன முன்னாடி போயி நிக்கச் சொல்லுங்க. அங்கருந்து என்ன வேணாலும் சொல்லட்டும்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரியாத்தானப்பா சொல்றான். காலையிலருந்து ஏன் பின்னாடி நின்ன?"

2. தொட்டி

பிட் வாசலுக்கு நேர் எதிரே, டிராக்கின் அந்தக் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஏறினேன். மூன்றாவது பிட் ஸ்டாப்பில் முகத்துக்கு நேராக "வாங்கண்ணே" என்றேன். தாகமே எடுக்காமல் வந்தார்.

கோளாறு அதன் பிறகுதான். கார்கள் இப்போது என்னைப் பார்த்து வருகின்றன. எனக்கு இடது பக்கம் தெரியும் கார் அவருக்கு வலது பக்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் ஒன்றாம் வகுப்பைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டவன். "அண்ணே, வலது காலி, ஒதுங்குங்க" என்றேன். ஒதுங்கினார். அங்கே ஒரு மஞ்சள் கார் இருந்தது. கண்ணாடி பறந்தது, கதவு உள்ளே போனது. எங்கள் கார் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, நல்லவேளை, மறுபடி ஓடியது.

தொட்டி மேலேயே டிராக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன். புரிந்தது. மீதி இருந்த ஒரு மணி நேரமும் ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். அண்ணன் பதிலே பேசவில்லை, அவ்வளவு கவனம். நான் சொன்னதில் பாதியை அப்படியே செய்தார். முதல் நாள் வேலைக்காரன் பேச்சைப் பாதி கேட்பதே பெரிய விஷயம்.

கடைசிக்கு முந்தின இடம். ஆனால் முழுசாக முடித்தோம். டீம் இருக்கும் என்று பாய் சொல்லிவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எங்கே நின்றாலும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுங்கள். அன்று அதை ஒரே மணி நேரத்தில் கற்றுக்கொண்ட பெருமையோடு அண்ணனிடம் போய், "கடைசி ஒரு மணி நேரம் எப்படிண்ணே சொன்னேன்?" என்று கேட்டேன்.

"இடிச்சப்பவே ரேடியோ வயரப் புடுங்கிட்டேன்லே."