மெழுகு வைத்த எண்ணெய் டப்பா

என் வீட்டுப் பரணில் ஒரு பழைய பால்மாவு டப்பா இருக்கிறது. மூடியைச் சுற்றி ஊற்றிய மெழுகின் தடம் இன்னும் போகவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போயிருக்க வேண்டிய டப்பா அது. தென்காசியைத் தாண்டவில்லை. காரணம் நான்தான்.

என் அண்ணன் அப்போது விவசாயப் படிப்புக்காக அங்கே போயிருந்தான். கல்யாணமான மறு வருஷமே பிரிவு. ஆவணியில் தனக்கு விடுமுறை கிடைக்கும், மதினி கப்பலேறி வந்தால் இருவருமாக ஒரு பெரிய வனத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எழுதினான். அங்கே பூமியைப் பிளந்துகொண்டு வெந்நீர் தென்னை உயரத்துக்குப் பீறிடுமாம். கரடியும் காட்டெருமையும் சாலையிலேயே நடமாடுமாம். கடிதத்தைப் படித்ததும் மதினி கேட்ட முதல் கேள்வி, "அங்கன சீசன் எப்பமாம்?"

குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர் விழுந்தாலும் எழுந்தாலும் அது குளிப்பதற்குத்தான். வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டிய தண்ணீர் ஒன்று உலகத்தில் உண்டு என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மதினி நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சினாள். கப்பல் ஆட்டத்தில் சிந்தக்கூடாதென்று டப்பா மூடிக்கு மெழுகு வைத்தாள். சீயக்காய்த் தூளும் இரண்டு ஈரிழைத் துண்டும் பெட்டிக்குள் போயின. கரடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று சீண்டினேன். "அருவிக்கரைக் குரங்குக்கே மடியில கட்டுன முறுக்கக் குடுக்காதவ நான். கரடிக்கா குடுத்துருவேன்?" என்றாள்.

ஆனி மாதம் பயணம். நான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். தாய்வீடு என்றுதான் பெயர், அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். எட்டாம் மாதத்தில் என் கால்கள் வீங்கின, தலை சுற்றியது. டாக்டரம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாதென்றார். அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாரே தவிர, அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே மதினி தபாலாபீசுக்குப் போய், தான் வரவில்லை என்று அண்ணனுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் அழுதேன். "எதுக்குட்டி அழுத? அந்த ஊத்து எங்கயும் ஓடிராது. அடுத்த சீசனுக்குப் போவம்லா. நீ மொதல்ல நல்லபடியாப் பெத்துப் பொழ" என்றாள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். நான் அதை நம்பினேன். அடுத்த வருஷம்தானே என்று மனம் சமாதானமாகிவிட்டது.

ஆடியில் இரண்டு நாள் இழுத்து என் மகள் பிறந்தாள். நான் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டரம்மா. அந்த நாற்பது நாளும் மதினி என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. ஒரு நாள் மெழுகைச் சுரண்டி டப்பாவைத் திறந்தாள். குழந்தையைக் காலில் கிடத்தி, வெந்நீர் பீறிடும் வனத்துக்கென்று காய்ச்சிய எண்ணெயை அதன் உச்சியில் வைத்து அரக்கினாள்.

மார்கழியில் அண்ணன் திரும்பி வந்துவிட்டான், ஒரேயடியாக. திகைத்துப்போய், அடுத்த வருஷம் போவதாக இருந்தீர்களே என்றேன். "படிப்பு முடியுது, இந்த ஆவணிய விட்டா கெடையாதுன்னு அந்தக் கடிதாசியிலயே எழுதியிருந்தனே" என்றான் அவன். மதினி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. எல்லாம் தெரிந்துதான் பெட்டியைப் பிரித்திருக்கிறாள். அன்று முதல் அவளை நான் எந்தச் சண்டையிலும் எதிர்த்துப் பேசியதில்லை.

போன மாதம் என் மகள் அந்த வனத்துக்குப் போனாள். அங்கிருந்து போனில் படம் அனுப்பினாள். எண்பதைத் தாண்டிய மதினிக்கு அதைக் காட்டினேன். வேலிக்கு அப்பால் வெந்நீர் வானத்துக்கு எழும்புகிறது. இப்பால் நூறு பேர் கோட்டு போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார்கள், நடுவில் என் மகள். மதினி கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, ஒருத்தருமே குளிக்கலியே?"

கொதிக்கிற தண்ணீர், குளித்தால் தோல் உரிந்துவிடும், கிட்டேயே விடமாட்டார்கள் என்றேன்.

"அப்ப அந்த எண்ணெய ஒம் மவ தலையில வச்சது நல்லதாப் போச்சு" என்றாள்.

பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். நாளை வெள்ளிக்கிழமை. மிளகும் வெற்றிலையும் போட்டு எண்ணெய் காய்ச்ச வேண்டும், மதினியின் தலைக்கு.