புளி காய வைத்த சோலார் தகடு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு, தங்கை விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்தேன். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். இது போன பங்குனியில் நடந்தது.

அதற்கு முந்தின வருஷம் சந்தையில் வேனில் வைத்து விற்ற சோலார் விளக்கு ஒன்று வாங்கினேன். விலை மலிவு, பில் கிடையாது. ஒரு மழைக்காலம் எரிந்தது, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது. விற்றவன் மறுபடி மலையேறவே இல்லை. கூரைமேல் கிடந்த தகட்டை வீணாக்க எனக்கு மனம் வருமா? கருப்பாக இருக்கிறது, வெயிலைக் குடிக்கும் என்று இறக்கி, கொட்டை எடுத்த புளியை அதன்மேல் பரப்பினேன். பாயில் காய்வதைவிடச் சீக்கிரம் காய்ந்தது. ஊரெல்லாம் பெருமையடித்தேன். அதைக் கேட்டு இன்னும் சில வீடுகளிலும் செத்த தகட்டில் புளி காய்ந்தது.

எங்கள் அம்மன் விழாவில் ஊருக்கே போடும் குழம்புக்குப் புளி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். மாமியார் காலத்து வழக்கம். விழாவுக்கு முதல் நாள் காலை அந்தப் புளியை உருட்டிக்கொண்டிருந்தேன். பழைய இரும்பு எடுக்கும் அடிவாரத்துப் பெண் ஒருத்தி மொபெட்டில் வந்தாள். தகட்டைக் கேட்பாள் என்று பார்த்தால், புளியைக் கிள்ளிப் பார்த்தாள்.

“ஆயா, இத யாராவது துன்னுட்டீங்களா?”

“இன்னாடி, மலைப்புளியில நொட்டை சொல்ல வந்துட்டியா? போய் ஓட்டை சட்டியப் பொறுக்கு!”

அவள் நகரவில்லை. என் சொம்பிலேயே ஓர் உருண்டையைக் கரைத்து, மெதுவாக ஊற்றிவிட்டு, அடியை வெயிலுக்குக் காட்டினாள். சர்க்கரை மாதிரி மின்னியது. கண்ணாடி. தகடு முழுக்க வலை போல விரிசல் விட்டிருந்தது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

“வடிகட்டினா போயிடும்” என்றேன், வீம்பாக.

“பொடி எங்க ஆயா போவும்? எங்க வூட்டுக்காரரு சுத்தி இருக்கிற அலுமினியச் சட்டத்துக்காக இப்படி ஒரு தகட்ட ஒடைச்சாரு. சில்லு தெறிச்சு ஒரு கண்ணே போச்சு. வயித்துக்குள்ள போனா இன்னா ஆவும்?”

உருட்டிய புளியைக் கீழே போட்டுவிட்டேன். மறுநாள் பச்சைப் பிள்ளை முதல் கிழடு வரை அந்தக் குழம்பைத்தானே சாப்பிடும்!

அவள் தன் சாக்கை அவிழ்த்தாள். வேறு ஊரில் பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றாக வாங்கிய புளி. என் கூடையில் கொட்டினாள். “உங்க வூட்டுப் புளின்னே சொல்லிக்கோங்க, எனக்கு இன்னா?”

அப்படியே மறைத்திருக்கலாம். என் பேச்சைக் கேட்டுக் காய வைத்தவர்களின் அடுப்பை யார் காப்பது? அன்று மதியமே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். என் ஓரகத்தி விடுவாளா? “வெயிலைக் குடிக்கும்ன, இப்ப எங்களக் கண்ணாடியக் குடிக்க வெச்சிருப்பியே அக்கா!” தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். புளியெல்லாம் ஆழக் குழியில் போயிற்று. “தகட்டப் பள்ளத்துல மட்டும் வீசாதீங்க, மாடு மேயுது” என்று சொல்லி, தகடுகளை உடைக்காமல் சாக்கில் சுற்றி அந்தப் பழைய இரும்புக்காரி எடுத்துப் போனாள். டவுனில் அதை முழுசாக வாங்கிப் பிரிக்கிற இடம் இருக்கிறதாம்.

மறுநாள் அவளை வரவழைத்து முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். “இது இவ குடுத்த புளி” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

ஐந்து பேரை வளர்த்த இந்தக் கையால் ஓர் ஊருக்குக் கெடுதல் வராமல் காத்தது, நான் திட்டியும் நகராமல் நின்ற அவள் பொறுமைதான். நான் எழுத்துக் கூட்டுவதற்குள் பொழுது போய்விடும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நீதானே எழுதினாய், எங்கே, ஒரு தடவை படித்துக் காட்டு கண்ணு. அந்தப் பெண் வருகிற இடத்தை மட்டும் மெதுவாகப் படி.