எஸ்தர் டீச்சரின் அரை அகப்பைச் சோறு

தாமிரபரணியின் மேல் பனி விலகாத காலையில் செய்தி வந்தது. எஸ்தர் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டாள். போனை வைத்த பிறகும் பாளையங்கோட்டைத் தெரு தண்ணீருக்குள் தெரிவதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

ஒரே பள்ளியில் அவள் தமிழ், நான் அறிவியல். எங்கள் சபைக் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவளும் அவள்தான். சில ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் அவள் கண்ணைத் தொட்டது. "எழுத்து மேல எறும்பு ஊருது ஏட்டி," என்றாள். மாத்திரை மட்டும் போதாதென்று டாக்டர் தினம் ஒரு ஊசி எழுதினார். பேனா போலிருக்கும், வயிற்றுத் தோலில் தானே போட்டுக்கொள்ளலாம்.

ஊசி தொடங்கிய மூன்றாம் நாள் கோயிலில் அசனம். சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணும் அந்தச் சோற்றை இலையில் மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்தவள். வயிறு வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு வேப்பமரத்தடியில் வாந்தி.

"இந்த ஊசியே வேண்டாம். தூரப் போடுதேன்."

"கண்ணையும் சேத்துப் போடுதியா?" என்றேன்.

மறுநாள் ஊசி வேலை செய்யும் விதத்துக்குப் பள்ளிக்கூடத்தையே உதாரணமாகச் சொன்னேன். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒன்றைப் போலச் செய்த மருந்து இது. இன்சுலின் அல்ல, மணியடிப்பவர் மாதிரி. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மணியடித்துக் கணையத்தை எழுப்பும்; அது இன்சுலினைச் சுரக்கும். சர்க்கரை இறங்கினால் மணியும் அடங்கும். வகுப்பு விட்ட பிள்ளைகளைப் போல, இரைப்பையிலிருந்து சோற்றை வரிசை கட்டிப் பைய அனுப்பும். அதனால்தான் வயிறு சீக்கிரம் நிறைகிறது.

"அப்ப ரூம் நிறைஞ்ச பொறவும் நான் பிள்ளைகளை உள்ள தள்ளியிருக்கேன்!" என்று சிரித்தாள். கொஞ்சமாக உண்டால் குமட்டல் போகப்போகக் குறையும் என்று டாக்டரும் சொன்னார். ஊசியை விடவில்லை.

அடுத்த அசனத்தில் அவள் இலைமேல் கையை விரிக்கவும் பரிமாறியவர் திகைத்து நின்றார். "என்ன டீச்சர், கோவமா? இவ்வளவுதானா?"

"அரை அகப்பை போதும்வே. வாங்கிட்டு மிச்சம் வச்சாத்தான் பாவம். வாங்காம இருந்தா என்ன பாவம்?"

பந்தியே சிரித்தது. அன்று அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இலைமேல் கையை விரித்தார்கள்.

ஊசி, மாத்திரை, நடை, கண் டாக்டர் எல்லாம் சேர்ந்து எழுத்துகளை அவளுக்குக் காத்துக் கொடுத்தன. போன ஞாயிறும் அவள்தான் வாசித்தாள். ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் சற்று நிறுத்துவாள். அந்த இடைவெளியில் ஆற்றுக்காற்று கோயிலுக்குள் வந்து போகும். இனி வாசிக்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவள் குரல் எனக்கு வராது. அந்த நிறுத்தத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.