தொப்பி வெட்டிய சிக்கந்தர்

3.11.1978 – நான்கு தொப்பி – இரண்டு வெள்ளி.
19.12.1978 – ஏழு தொப்பி – மூன்று வெள்ளி ஐம்பது சென்.
6.1.1979 – இரண்டு தொப்பி – ஒரு வெள்ளி.
11.2.1979 – ஒரு தொப்பி – ஐம்பது சென்.

"தம்பி, மோட்டார நிறுத்து. என்னடா அது தலையில, தோசையக் கவுத்து வெச்ச மாதிரி?"

ஜார்ஜ்டவுனில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசலில், விடுப்பில் வந்திருக்கும் ஓர் இளம் சிப்பாயின் மோட்டார் சைக்கிளைக் காவலாளி சிக்கந்தர் மறித்துவிட்டார். விளிம்பில்லாத ராணுவப் பெரே தொப்பியை இரு கைகளாலும் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிடுகிறார். பட்டை புருவத்துக்கு மேல் இரண்டு விரல். சின்னம் இடக்கண்ணுக்கு நேராக. "இப்பத்தான் ஆளு மாதிரி இருக்கே. போ லா." பின்னால் நின்ற மூன்று காரும் ஹாரன் அடிக்கின்றன. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

வயது அறுபத்தேழு. ஒன்பது ஆண்டு ராணுவத்தில் இருந்தவர். பதினான்கு ஆண்டாக இந்த வாசலில் இருக்கிறார். காவல் நிறுவனம் கொடுத்த தொப்பியைக்கூட வாங்கிய அன்றே நனைத்து, சோற்றுப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்துக் காயவைத்துத்தான் போட்டுக்கொண்டார்.

கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைத் தேடிப் போன காட்டில் எல்லாருக்கும் ஒரே தொப்பிதான் கொடுத்தார்கள்: பச்சைத் துணி, சுற்றிலும் அகல விளிம்பு. ஒரு மாதத்தில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்கிறார். சிலர் உச்சியை இரண்டு விரலால் கிள்ளி மேடாக்கினார்கள். சிலர் இடப்பக்க விளிம்பை மடித்துத் தைத்தார்கள். ரேடியோ தூக்குகிறவர் பின்விளிம்பை மேலே திருப்பிவிடுவார். இல்லாவிட்டால் மூட்டை இடித்துத் தொப்பி கண்ணில் விழும். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போகும்போது முகம் யாருக்குத் தெரிகிறது? "நாப்பது பேரு முதுகு காட்டிப் போனாலும், தொப்பியப் பாத்தே பேரு சொல்வேன்ணே."

அவரிடம் கத்தரிக்கோலும் ஊசியும் இருந்தன. விளிம்பை அளவாக வெட்டி ஓரம் அடித்துத் தர ஐம்பது சென், அதாவது அரை வெள்ளி. மேலே உள்ள கணக்கு அவருடைய பழைய பாக்கெட் நோட்டிலிருந்து நான் எடுத்தெழுதியது. 11.2.1979க்குப் பிறகு அந்த நோட்டில் ஒன்றும் இல்லை.

கடைசித் தொப்பி தயாளனுடையது. பைராம் தோட்டத்துக்காரர், இருபத்திரண்டு வயது.

"பக்கமும் பின்னாடியும் ஒட்ட வெட்டுடா. முன்னால மட்டும் விடு."

"அது என்னடா ஸ்டைலு?"

"வீட்டுக்குப் போட்டோ அனுப்பணும்டா. இத மாட்டினா சந்தையில கீரை விக்கிறவன் மாதிரி இருக்கேன்."

சிக்கந்தர் வெட்டிக் கொடுத்தார். முன்னால் மட்டும் விளிம்பு நீண்ட தொப்பி. அந்தக் காட்டில் அப்படிப்பட்ட தொப்பி போட்டவர்கள் எதிர்த்தரப்பினர் மட்டுமே. வெட்டியவருக்கும் அது தோன்றவில்லை, போட்டுக்கொண்டவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் விடியும் நேரத்தில் ஓடைக்குப் போய்த் திரும்பிய தயாளனை, அவருடைய முகாம் காவலே சுட்டது.

வீட்டுக்கு மலாயில் ஒரு கடிதம் போனது: எதிரியோடு நடந்த மோதலில் உயிரிழந்தார் என்று.

இதையெல்லாம் இந்த ஆண்டு பிப்ரவரியில்தான் என்னிடம் சொன்னார். தயாளனின் தங்கை புஷ்பவள்ளி சுங்கை பாக்காப்பில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். தமிழில் எழுத வேண்டும். சிக்கந்தர் மலாய்ப் பள்ளியில் படித்தவர்.

"அந்தம்மாவுக்கு மலாய் தெரியுமே," என்றேன்.

"மலாயில போனா மறுபடியும் ஆபீஸ் லெட்டரு மாதிரி இருக்கும்ணே."

4.3.2024 அன்று அனுப்பினோம். தொப்பியை நான் வெட்டினேன், அதனால் நம் ஆட்களே சுட்டுவிட்டார்கள், என்னை மன்னிக்க வேண்டும் என்று ஒரே பக்கம். 21.3.2024 அன்று பதில் வந்தது. அதில் இரண்டே சொல்: "சுட்டது யார்?"

மூன்று நாள் சிக்கந்தர் என் பக்கம் பார்க்கவில்லை. கார்களுக்குக் கம்பத்தைத் தூக்கினார், இறக்கினார். யார் தொப்பியையும் திருத்தவில்லை. ஞாயிறு மதியம் சட்டையை மாற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"எழுதுங்கண்ணே. நான்தான்னு எழுதுங்க."

என் பேனா நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். அவராகவே சொன்னார்.

"காவல்ல நான்தான் இருந்தேன். பின்னால இருந்து பாத்தா எல்லாரையும் தெரியும். அன்னிக்கு அவன் முன்னால இருந்து வந்தான். அதுவும் புதுத் தொப்பி. வெட்டி ஒரு நாளு ஆகல. குரல் குடுக்கணும், அதான் சட்டம். குடுக்கல. ரெண்டு ரவுண்டு. கிட்டப் போயித் தொப்பியத் தூக்கிப் பாக்குறேன், நான் அடிச்ச தையலு."

"அப்புறம்?"

"விசாரணை வெச்சாங்க. பேப்பர் நீட்டினாங்க. மோதல்னு போட்டிருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்."

அவர் சொன்னபடியே எழுதி, மறுநாள் 25.3.2024 அன்று பதிவுத் தபாலில் சேர்த்தேன். பிறகு நான்கு வாரம் ஒன்றும் வரவில்லை. தபால்காரரின் மோட்டார் வளைவில் திரும்பும்போதே சிக்கந்தர் காவல் கூண்டைவிட்டு வெளியே வந்து நிற்பார்.

வந்த கடிதத்தை அவர் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். நான் வாசித்தேன்.

"எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் ஆ ஹுவாட். அவர் தம்பி கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குப் போனவன். அண்ணனைக் கொன்றது அவன் கூட்டம்தான் என்று அம்மா அந்தக் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்து மற்றவர்களும் வாங்கவில்லை. இரண்டே வருடத்தில் கடையை மூடிவிட்டுப் போனார். அவர் வாசலில் மண்ணள்ளிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. இந்த ஊரில்தான் இருக்கிறார். மன்னிப்பைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். நடந்ததை உங்கள் பெயரோடு ஒரு பத்திரிகையில் போடச் சொல்லுங்கள். கொண்டுபோய் அவருக்கு நான் மலாயில் படித்துச் சொல்ல வேண்டும். சீக்கிரம் போடுங்கள்."

மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சிக்கந்தர், பேர் வந்தா வேலை போகலாம். கேஸ்கூட வரலாம்," என்றேன். "உங்க மக சுஹானாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. எல்லாரோடயும் சேந்து அவளும் படிக்கட்டும்."

பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தார். அடையாள அட்டை பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து, எழுத்து என் பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தார்.

"இதுல இருக்கிற மாதிரியே எழுதுங்கண்ணே. அத்தா பேரும் சேத்து."

அட்டையில் உள்ளபடியே இங்கே எழுதுகிறேன்: சிக்கந்தர் பின் காதர் மைதீன், அதாவது காதர் மைதீனின் மகன். கடிதம் வந்து சேர்ந்த நாள் 23.4.2024, செவ்வாய்க்கிழமை.