அரிசிப் பையில் இருந்த கூரை

கனடாவின் கால்கரி நகரத்துக்கு நாங்கள் வந்த இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு அழைப்பு மணியை யாரும் அழுத்தி நான் கேட்டதில்லை. இங்கே விருந்தாளி என்றால் போன் செய்து, நாள் குறித்து, வாசலுக்கு வந்ததும் மறுபடி போனில் ‘வந்துவிட்டேன்’ என்று செய்தி அனுப்பிவிட்டு நிற்பவர். சிதம்பரத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் மணி கிடையாது. தெருமுனையிலேயே பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்து, கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுப்படிக்கு வந்திருப்பார்கள். ஆகவே போன ஆனி மாதம் ஒரு காலையில் மணி அடித்தபோது, நானும் என் மனைவி தையல்நாயகியும் அது ஏதோ அபாயச் சங்கு என்று நினைத்து முதலில் அடுப்பை அணைத்தோம். கதவைத் திறந்தால் ஏணியோடு ஒரு வெள்ளைக்காரர். எங்கள் கூரையை நினைத்துத் தனக்கு மிகவும் வருத்தமாக இருப்பதாகச் சொன்னார். அவர் போனதும் இன்னொருவர். அவருக்கும் வருத்தம். மதியத்துக்குள் வாசலில் ஒரே வருத்தமாக இருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று தையல் எல்லோருக்கும் காப்பி கலந்தாள். அவர்கள் காப்பியைக் குடிக்காமல் ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் கூரை போடும் கம்பெனிக்காரர்கள்.

காரணம், முந்தின நாள் சாயங்காலம் பெய்த ஆலங்கட்டி மழை. நான் சின்ன வயதில் சிதம்பரத்தில் ஒரே ஒரு தடவை ஆலங்கட்டி பார்த்திருக்கிறேன். பொட்டுக்கடலை அளவு இருக்கும். டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் தண்ணீராகிவிட்டது. ஊரே ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசியது. இங்கே விழுந்தது எலுமிச்சம்பழ அளவு. வானத்தில் யாரோ மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போல் சத்தம். எதிர் வீட்டு அம்மாள் காரின் மேல் மெத்தையைப் போடுவதைப் பார்த்து நானும் ஓடிப்போய் எங்கள் காரின் மேல் தலையணைகளை அடுக்கினேன். தையல் தலையில் பெரிய குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு துளசிச் செடியைத் தூக்கிவரப் போனாள். டங் டங்கென்று சத்தம் மட்டும் கேட்டது, ஆள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியவில்லை. துளசியோடு திரும்பி வந்து குண்டானைக் கழற்றியவள், “காது ரெண்டும் கோயில் மணிக்குள்ள இருந்த மாதிரி கீங்குனு கேக்குதுங்க” என்றாள்.

கம்பெனிக்காரர்கள் போனதும் நான் தெருவில் நின்று கூரையைப் பார்த்தேன். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. இதற்கா இத்தனை பேர் துக்கம் விசாரிக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. தையல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைப் பெண். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு புயலில் என் மாமனார் வீட்டுத் தகர ஷீட்டு மொத்தமும் பறந்துபோனது. காலையில் பாயில் படுத்தபடியே காக்கை போவதைப் பார்த்தோம். நாலு வீடு தள்ளி ஒருவர் அந்த ஷீட்டின் கீழ் தன் ஆட்டைக் கட்டிவிட்டார். அதைத் திருப்பிக் கேட்கப் போனால், “ஆடு பழகிடுச்சிய்யா, இனி எப்பிடி வெளிய நிக்கும்?” என்று ஆட்டுக்காகப் பேசினார். எங்கள் பக்கத்துச் சேதம் அப்படி நேர்மையானது. கூரை இருக்கும், அல்லது பக்கத்து வீட்டில் இருக்கும். இங்கே கூரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் செத்துவிட்டது என்கிறார்கள். இந்த ஊர் வீடுகளுக்கு ஓடு கிடையாது. தார் பூசிய அட்டையின் மேல் உப்புத்தாள் மாதிரி சன்ன மணலை ஒட்டி வைத்திருப்பார்கள். ஷிங்கிள் என்று பேர். ஆலங்கட்டி அடித்தால் அந்த மணல் உதிர்ந்துபோகுமாம். மணல் போனால் அட்டைக்கு ஆயுசு இல்லையாம்.

அட்டையின் ஆயுசு எங்களுக்கு அன்றைக்கு ராத்திரி பெய்த மழையிலேயே தெரிந்துவிட்டது. மாடியில் துணி அலமாரிக்கென்று விட்ட சின்ன அறையைத்தான் நாங்கள் பூஜை அறையாக வைத்திருக்கிறோம். நடுவில் நடராஜர் படம், அதன் முன்னால் திருவதிகைக் கோயில் கடையில் வாங்கிய சின்னக் கல் லிங்கம். சீலிங்கில் இருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக, குறி பார்த்தது போல், அந்த லிங்கத்தின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேலே செம்பைத் தொங்கவிட்டு நீர் சொட்ட விடுவார்களே, அதேபோல.

தையல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “என்னாங்க, அவரே தாரா பாத்திரம் வச்சிக்கிட்டாரு!”

“தையலு, அது கூரை ஓட்டை.”

“உங்களுக்கு எல்லாமே ஓட்டைதான். இந்த வீட்டுல எத்தன இடம் இருக்குது? அடுப்பு மேல விழல, உங்க தலைமேல விழல. அவரு தலைமேல மட்டும் விழுதுன்னா?”

எனக்கும் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. இதுவரை கும்பாபிஷேகத்துக்குக்கூட ஊர் போகக் கொடுத்து வைக்காத எங்களுக்கு அவரே வந்து நனைகிறார் என்று கண் கலங்கியது உண்மை. ஆனால் மறுநாள் மழையில் சீலிங் அட்டை ஆப்பம் போல உப்பிக்கொண்டு தொங்கியது. “அபிஷேகம் சரி. சீலிங்கே அவர் தலையில விழுந்தா அது என்ன சேவை?” என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. லிங்கத்தை நகர்த்தவும் மனசு வரவில்லை. ஆனித் திருமஞ்சனம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் வீட்டில்தான் கூடி அபிஷேகம் பார்ப்பது. சாமி மேல் கூரை விழுந்த வீடு என்று பேர் வாங்கினால் அதற்கப்புறம் யார் வருவார்கள்? இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்து, சேதம்தான் என்று ஒப்புக்கொண்டால்தான் கூரை மாறும். போனில் கேட்டதற்கு வியாழக்கிழமை ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். வீட்டுக்கு ஆள் வருகிறது, அதுவும் ஆபீசர் என்றதும், எங்கள் இரண்டு பேர் கையும் சும்மா இருக்கவில்லை. தையல் வீட்டைக் கழுவினாள். கிழிந்து தொங்கிய செடிகளைப் பிடுங்கிச் சுத்தம் செய்தாள். சீலிங்கில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்து, “பாக்கவே அசிங்கமா இருக்குது” என்று ஸ்டூலில் ஏறி, அதன் மேல் விபூதியைக் குழைத்து மூன்று பட்டையாகப் போட்டு நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். நான் பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ. படித்து, கடலூர் சிப்காட்டில் ஃபிட்டராக இருந்தவன். இப்போது இங்கே ரொட்டி ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறேன். கூரை மேல் இருந்த தகரப் புகைக்கூண்டு மூடிகளெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி நசுங்கியிருந்தன. ஒரு தொழிலாளி வீட்டில் தகரம் இப்படியா இருப்பது? மரச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்தி, வெள்ளிப் பெயின்ட் அடித்தேன். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலையும் தட்டி எடுத்தேன். அதில் சேர்ந்திருந்த மணலையும், கூரையில் ஒட்டாமல் கிடந்த மணலையும் பெருக்கி வாரினேன். கீழே நின்று பார்த்தபோது வீடு பொங்கலுக்கு வெள்ளையடித்தது போல இருந்தது.

சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில் இருந்து வீடியோ காலில் வந்தான் மச்சான் கலியமூர்த்தி, தையலின் தம்பி. புயலுக்குப் புயல் ஊரெல்லாம் ஷீட்டு மாட்டிக் கொடுக்கிற வேலை அவனுக்கு.

“மாமா, ஆபீசர் வர்ற வரிக்கும் ஒண்ணுத்தயும் தொட்றாதீங்க. எங்க தெருவுல வேலாயுதம், மரம் விழுந்து வீட்டுக்குள்ள போவ வழியில்லாம கெடந்துச்சி, வி.ஏ.ஓ. வந்து எழுதற வரிக்கும் ஜன்னல் வழியாதான் ஏறி இறங்குனான். நீங்க எப்பிடி வச்சிருக்கீங்க? காட்டுங்க.”

நான் போனைத் திருப்பிக் காட்டினேன். அவன் முகத்தை போனுக்கு ஒட்டக் கொண்டுவந்து பார்த்தான்.

“இன்னா மாமா, புது வீடு வாங்கிட்டீங்களா?”

“இல்லடா மச்சான், நம்ம வீடுதான்.”

“அக்காகிட்ட குடுங்க போன.” அவள் வாங்கியதும், “ஏக்கா, ஒரு புருஷன் பொண்டாட்டியில ஒருத்தருக்காவது வெவரம் வாணாமா? ரெண்டு பேரும் சேந்துகிட்டு வெளக்கி வச்சிருக்கீங்க! மறுபடி போயி சுத்தியலாலயே அடிக்கச் சொல்லு” என்றான்.

“போடா. சாமி இருக்கற வீட்டுல பொய் வேலை செய்யச் சொல்றியா?” என்று அவள் போனை வைத்துவிட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுத்தியலை எடுத்துக் கராஜில் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை வந்தவர் பேர் கிரெக். ஆறடிக்கு மேல் உயரம், சாதுவான முகம். ஏணி வைத்து ஏறினார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நான் எந்த ஊர்க்காரன்? சிதம்பரம். பொன்னம்பலத்தின் ஓடு ஒவ்வொன்றும் மனுஷன் விடும் ஒரு மூச்சு என்று சொல்லி, கூரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஊர். பழக்கத்தில் கை தானாகக் கும்பிட்டுவிட்டது. மேலே நின்ற கிரெக் குனிந்து பார்த்து, தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்து, சங்கடப்பட்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்து எனக்குப் பதில் மரியாதை செய்தார். பிறகு ஒவ்வொரு மூடியாகத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்தார்.

“தெரு முழுக்க அடித்திருக்கிறது. உங்கள் வீட்டு மூடிகள் மட்டும் தப்பித்திருக்கின்றனவே?” என்றார் ஆங்கிலத்தில்.

“நோ சார். நான் நல்லா ரிப்பேர் பண்ணினேன்” என்று பெருமையும் பயமுமாகச் சொன்னேன்.

“ஏன்?”

“நீங்க வர்றீங்கன்னு.”

அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் கையிலிருந்த படிவத்தில் அதற்கு எழுதிக்கொள்ளக் கட்டம் இல்லை போலிருக்கிறது. மூடிகளைத் தான் பார்த்தபடிதான் எழுத முடியும், ஷிங்கிளில் மணல் குறைந்ததும் பழசானதால் இருக்கலாம், உதிர்ந்த மணல் வாய்க்காலில் இருந்திருந்தால் புதுச் சேதம் என்று சொல்லலாம், வாய்க்காலோ துடைத்து வைத்த தட்டு போல இருக்கிறது என்றார். அதாவது கூரை கிடையாது என்று பதமாகச் சொன்னார். தையலுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். “மேல வந்து சாமியப் பாக்கச் சொல்லுங்க. அவரு நனையறத பாத்துட்டு எழுதட்டும்” என்றாள்.

பூஜை அறை வாசலில் கிரெக்கை நிறுத்தி ஷூவைக் காட்டினாள். அவர் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவர் அதை மற்ற காலால் மறைத்துக்கொண்டே நின்று சீலிங்கைப் பார்த்தார். விபூதிப் பட்டை மூன்று. குங்குமம். அதன் நடுவில் இருந்து ஒரு சொட்டு, லிங்கத்தின் தலையில்.

“அது என்ன வெள்ளைக் கோடு?”

“மெடிசின், சார்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

“வேலை செய்கிறதா?”

“கடவுளுக்குச் செய்யுது. கூரைக்குச் செய்யல.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, உப்பிய அட்டையை விரலால் தொட்டார். ஈரம் புதுசுதான், ஆனால் எதனால் என்று காட்ட ஏதாவது வேண்டும், அந்த மணலை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னதும் தையலுக்குக் கோபம் வந்தது. “கொட்றதா? எதுக்குக் கொட்டணும்? ஒரு தூசி இல்லாம நைசா இருக்குது. இந்த ஊருல ஆத்து மணல் கேட்டா யாரு குடுப்பா?” என்று விறுவிறுவென்று கீழே போய், கராஜில் இருந்து ஒரு பாஸ்மதி அரிசிப் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். அலசி, வெயிலில் காயவைத்து, வாயைத் தைத்து வைத்திருந்தாள். துளசிக்குத் தொட்டி மாற்றும்போது அடியில் போடுவதற்காம்.

கிரெக் பையை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். பையின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி விரல் வழியாக உதிர விட்டார். மேலே ஏறி ஒரு துண்டு ஷிங்கிள் எடுத்து வந்து நிறம் ஒத்துப் பார்த்தார். இவ்வளவு மணல் வருஷக்கணக்கில் உதிர்ந்ததாக இருந்தால் வாய்க்கால் எப்போதோ அடைத்திருக்கும், ஒரே அடியில் கொட்டியதுதான் என்றார். பிறகு அந்தப் பெரிய மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். தன் சர்வீஸில் எத்தனையோ கூரைகளைப் பார்த்திருந்தாலும், ஒரு கூரையை அரிசிப் பையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். தையல் கொடுத்த காப்பியையும், கூரை பார்க்க வந்தவர்களில் முதல் ஆளாக, முழுசாகக் குடித்தார். புதுக் கூரைக்கு எழுதிவிட்டார்.

திருமஞ்சனத்துக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. கூரை போட வந்தவர்கள் ஏறும்போது தையல் சிதம்பரத்து விபூதிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, முதல் அட்டைக்குக் கீழே வைக்கச் சொன்னாள். அவர்களில் மெக்சிகோக்காரர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டு வாங்கி, பத்திரமாக வைத்து ஆணி அடித்தார். சீலிங்குக்கும் புது அட்டை. அன்றைக்கு ராத்திரி பெய்த மழையில் பூஜை அறை காய்ந்தே இருந்தது. லிங்கத்தின் தலையைத் தொட்டு, சீலிங்கை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அவள் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அபிஷேகத்துக்குப் பால், தயிர், இளநீர் என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். வெளியே பளிச்சென்று வெயில். கலியமூர்த்தி போனில் வந்தான். அங்கே சாயங்காலம். சிதம்பரத்தில் தரிசனம் முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

“மாமா, இங்க மழை பிச்சிக்கிட்டு ஊத்துது! கேக்குதா? இருங்க, போன மேல தூக்கறேன்.”

ஸ்பீக்கரில், அவன் வீட்டு ஷீட்டின் மேல் விழும் மழை எங்கள் அடுப்படி முழுக்க இரைந்தது. நான் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் தையலைக் காணவில்லை. மாடியில் தடதடவென்று காலடிச் சத்தம். போனைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனேன். பூஜை அறையில், நடராஜருக்கு முன்னால், ஒழுகினால் பிடிக்க ஒரு எவர்சில்வர் தவலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரமில்லாத புதுச் சீலிங்கை அண்ணாந்து பார்த்தபடி அவள் நின்றிருந்தாள். என் கையில் தேவனாம்பட்டினத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று நானும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன்.