கண்ணாடிக்காரர் மனைவியின் கண்

அந்தத் தெருவில் யாருக்காவது கண் மங்கினால் டாக்டரைத் தேட மாட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரரைத்தான் தேடுவார்கள். 'பவர்' என்பது தெரு அவருக்கு வைத்த பேர். முப்பது வருஷமாக லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே பிழைத்த மனுஷர். கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் கைவித்தை எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைத்தாரே, அங்கேதான் கோட்டை விட்டார்.

மனைவிதான் கடையில் பிரேம்களைத் துடைத்து அடுக்குவாள். இரண்டு வருஷமாக அவள் நடப்பதே ஒரு மாதிரியாகிவிட்டது. கதவோரத்தில் தோள் இடிக்கும். பக்கத்தில் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுவாள். மேஜை ஓரத்தில் இருப்பதைத் தட்டிவிடுவாள்.

"ஏம்மா, அந்தக் கதவு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? தினம் ஒரு இடி குடுக்கறே!" என்று கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

அக்கறை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார். கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடுவாள். அப்புறம் என்ன? கால் பவர் கூட்டி ஒரு புதுக் கண்ணாடி. இரண்டு வருஷத்தில் நாலு கண்ணாடி!

ஒருநாள் அவளே கேட்டாள். "ஏங்க, ஒருதடவை ஆஸ்பத்திரியில காட்டிடலாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. "ஊருக்கே நான் பார்க்கறேன். என் பொண்டாட்டி வேற இடத்துல போய் உக்காந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

போன மாதம் தெருவைக் கடக்கும்போது, இடப்பக்கம் வந்த சைக்கிளை அவள் பார்க்கவே இல்லை. மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டருக்குச் சந்தேகம் தட்டி, கண் டாக்டரிடம் அனுப்பினார்.

கண் டாக்டர் சோதனை செய்து, அவள் பார்வையின் படத்தைக் காகிதத்தில் எடுத்துக் கூட வந்த கணவரிடம் காட்டினார். சுற்றிலும் கறுப்பு; நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

"கடைசி வரி வரைக்கும் படிக்கறாளே டாக்டர்!"

"படிப்பாங்க. இது கிளாக்கோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகுது. ஓரத்துப் பார்வை முதல்ல போகும், நடுப் பார்வை கடைசியிலதான். வலிக்காது, சிவக்காது. கண்ணாடி மாத்தினா சரியாகாது."

"இனிமே?"

"போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்த சொட்டு மருந்து, ஒரு வேளை விடாம. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நிறைய மிஞ்சியிருக்கும்."

ஐயோ, அந்த ரெண்டு வருஷமும் அவர் கடை நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தாள்! மனைவி அந்தக் காகிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"ரத்த சொந்தத்துக்கும் வரலாம். பிள்ளைங்க இருந்தா பரிசோதிச்சுடுங்க," என்றார் டாக்டர்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இருக்காதும்மா. போன மாசம்தானே அப்பா பார்த்தாரு," என்றாள்.

"உங்கப்பா பார்த்தது போதும்."

அந்த வீட்டில் மனைவியின் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம், கிளம்பி இரு."

"நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார் அவர்.

"வேணாங்க," என்றாள் மனைவி. "நான் போயிக்கறேன். நீங்க கடையைப் பாருங்க."