பாதி என் மகனுடையது

எங்கள் ஊரிலிருந்து மூலக்கூற்று மரபியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண் நுஸ்ரத். வெளிநாட்டு வேலையை விட்டு வந்து கல்முனையில் ஆய்வுகூடம் திறந்தாள். "ரத்தம் படிச்சவளுக்கு மாப்பிள்ளை கிடைக்கல்லியாக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்தான்.

என் பேத்திக்குத் தலசீமியா, மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டும் என்று தெரிந்த அன்று, என் மகன் குடியிருக்கும் மருமகளின் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"இது உங்கட பரம்பரை வருத்தம்! என்ட மகன நான் கூட்டிட்டுப் போறன்."

மருமகள் அழவில்லை. "நுஸ்ரத்துக்கிட்ட கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க மாமி" என்று என்னைக் கையோடு அழைத்துப் போனாள்.

நுஸ்ரத் பேத்தியின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்தாள். "வாப்பா, உம்மா ரெண்டு பேர்ட்ட இருந்தும் வந்தாத்தான் பிள்ளைக்கு இந்த வருத்தம் வரும். பாதி உங்கட மகன்ட."

"என்ட மகன் சுகமாத்தானே இரிக்கான்?"

"ஓம் மாமி. உங்கட மருமகளும் சுகமாத்தானே இரிக்கா?"

அங்கேயே மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது எந்த வீட்டில் கலியாணம் பேசினாலும், "ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்த்தாச்சா?" என்று முதலில் கேட்பவள் நான். நல்ல காரியத்தில் நோயை இழுக்கிறாள் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும். என் ஏச்சுக்குப் பயந்து நுஸ்ரத் ஆய்வுகூடத்தைப் பூட்டிக்கொண்டு போகவில்லை. நானும் வாயை மூடப் போவதில்லை.